நெஞ்சை விட்டு நீங்காத ஸ்தலங்கள்

(வாசிக்கவேண்டிய பகுதிகள்: ஆதி. 26:12-33, யோவா. 18:15-27, யோவா. 21:1-19)

இந்த மாதப் பாடத்தை ஒரு தாயாரிடமிருந்து தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு பாம்பனில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அந்த வீட்டுத் தாயாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மறதி வியாதி. பெற்ற மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "இது யாரும்மா?" என்று கேட்டால், "தெரியலையேய்யா, நல்ல பிள்ளையா இருக்கு" என்கிறார்கள். கஞ்சி குடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, "எனக்கு ஒருத்தரும் கஞ்சி தரலை" என்று அழுகை. பார்க்கவே பரிதாபமாயிருந்தது.

ஜெபம் முடிந்தபின் மகன் சொன்னார்: "பாஸ்டர், ஒண்ணு காட்டுறேன் பாருங்க." அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, தனுஷ்கோடியில நம்ம வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். முகமே மாறிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டி வழிகாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரயிலை விட்டு இறங்கு. இந்தக் கைப்பக்கம் திரும்பு. மணலில் கால் புதையும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கோ. கோயில் தெரியும். அதைத் தாண்டி மூணாவது ஓலை வீடு. வாசலில் வலை காய்கிறது. ஆத்தா உள்ளே மீன் அறுக்கிறாள்.

நாங்கள் யாரும் பேசவில்லை. ஏனென்றால் அந்த வீடு இல்லை, வழியும் இல்லை. 1964 டிசம்பர் 22ந்தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் எழும்பி மூடிற்று. அதில் இருந்த நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட துறைமுகமும், சுங்க ஆபீசும், தபால் ஆபீசும் இருந்த ஊர் அது. மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே பின்பு அறிவித்துவிட்டது. 2017ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுவிட்டபடியால் இப்போது வேனிலும் பஸ்ஸிலும் ஜனங்கள் போகிறார்கள். கூரையில்லாமல் நிற்கிற ஆலயச் சுவரின் முன்பாக நின்று படம் எடுத்துக்கொண்டு, வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். கடல் வாரிக்கொண்டுபோன ஒரு ஊரை, மகனையே மறந்துவிட்ட அந்தத் தாயார் ஒரு பிடி மணலும் சிந்தாமல் வைத்திருந்தார்கள்.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த குளமாயிருக்கலாம். தகப்பனார் கடைசி மூச்சு விட்ட ஆஸ்பத்திரி வராந்தாவாயிருக்கலாம். கடன்காரன் உங்களை நிற்கவைத்துப் பேசின கடை வாசலாயிருக்கலாம். என்ன தேதி, என்ன கிழமை என்றால் தெரியாது. ஆனால் எந்தத் தூண் பக்கத்தில் நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள்.

இடம் ஏன் ஒட்டிக்கொள்ளுகிறது?

வேதத்துக்கு விஞ்ஞானம் வந்து சாட்சி சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நம்மை உண்டாக்கினவர் நம்மை எப்படி உண்டாக்கியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுவதில் தப்பு ஒன்றும் இல்லை.

நம்முடைய மூளையின் உட்பக்கத்தில், காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஒரு சிறு பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்று பேர். கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அப்படிப் பேர் வைத்தார்கள். 1971ல் லண்டனில் ஜான் ஓகீஃப் என்ற விஞ்ஞானி, தன் உடன்வேலையாளோடு சேர்ந்து, எலியின் மூளையில் இந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தார். எலி பெட்டிக்குள் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் ஒரு நரம்பணு துடிக்கிறது. வேறு மூலைக்குப் போனால் அது அடங்கி, இன்னொன்று துடிக்கிறது. 2005ல் நார்வே தேசத்தில் மோசர் தம்பதியார் அதற்குப் பக்கத்துப் பகுதியிலே, இடத்தைக் கட்டம் கட்டமாய் அளக்கிறதுபோல் துடிக்கிற வேறொரு வகை அணுக்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேருக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. லண்டன் டாக்சி டிரைவர்கள் லைசென்சுக்காக ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் பண்ணவேண்டும். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பக்கம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாயிருக்கிறது என்று 2000ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

இதிலே எனக்கு ஆச்சரியமான காரியம் என்னவென்றால், இடத்தைக் குறித்துவைக்கிற அந்தப் பகுதிதான் நமக்கு நடந்த சம்பவங்களையும் பதித்துவைக்கிறது. வழிக்கு ஓர் அறை, வாழ்க்கைக்கு ஓர் அறை என்று கர்த்தர் தனித்தனியே கட்டவில்லை. ஆகவே ஒரு காரியம் நமக்கு நேரிடும்போது அது நடந்த இடத்தையும் சேர்த்தே மனசு முடிச்சுப் போட்டுக்கொள்ளுகிறது. மறதி வியாதி முதலில் தாக்குகிற இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. அதனால்தான் இன்றைக்குக் குடித்த கஞ்சி அந்தத் தாயாரிடம் நிற்கவில்லை. வெகுகாலத்து நினைவுகளோ மூளையின் மற்றப் பகுதிகளிலும் வேர்விட்டு நின்றுவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

இன்னொரு உதாரணத்தையும் நான் பிரசங்கங்களில் சொல்லிவந்தேன். 1975ல் கடலில் மூழ்குகிறவர்களை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள். தண்ணீருக்குள் படித்த வார்த்தைகள் தண்ணீருக்குள்ளேயே நன்றாய் ஞாபகம் வந்தன என்பார்கள். ஜனங்கள் நன்றாய்க் கேட்பார்கள். ஆனால் 2021ல் அதே பரீட்சையை மறுபடி செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று பிற்பாடு அறிந்தேன். அதற்குப்பின் சொல்லுவதில்லை. மேடையில் நின்று கதை சொல்லுகிறவன் முதலாவது கதையைச் சோதித்துக்கொள்ளவேண்டும். இது எனக்கும் சேர்த்துத்தான்.

நான் குறிப்புத்தாள் இல்லாமல் பிரசங்கிக்கிறதைப் பார்த்துச் சிலர் இதை வரம் என்கிறார்கள். வரமில்லை, இது கிரேக்கர் காலத்திலிருந்து இருக்கிற ஒரு பழக்கம். பேசவேண்டிய குறிப்புகளை, நமக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு வீட்டில் இடம் இடமாக வைத்துவிட்டு, பேசும்போது மனசினால் அந்த வீட்டுக்குள் நடந்து ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். நான் வைக்கிறது எங்கள் ஊர்ப் பழைய வீட்டில். திண்ணையில் முன்னுரை. பத்தயப்புரையில் முதல் குறிப்பு. அடுக்களையில் இரண்டாவது, மாட்டுத்தொழுவத்தில் மூன்றாவது. பின்வாசல் வரைக்கும் வருவேன். பின்வாசலுக்கு அப்பால் வாழைத்தோட்டம், அதற்குள்ளே எங்கள் கிணறு. அங்கே மட்டும் ஒரு குறிப்பையும் நான் வைத்ததில்லை. இருபது வருஷம் என் பிரசங்கங்களெல்லாம் தொழுவத்தோடு முடிந்துவிட்டன.

ஈசாக்கின் கிணறுகள்

ஈசாக்கைக் குறித்து நாம் அதிகம் பிரசங்கிக்கிறதில்லை. ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் நடுவிலே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவர். ஆதியாகமம் 26ம் அதிகாரம் ஒன்றுதான் அவருக்கென்று கிடைத்த அதிகாரம் என்று சொல்லலாம். அதிலும் பாதி கிணறுதான்.

அந்தச் சீமையில் கிணறு என்றால் உயிர். பெயெர்செபா பக்கம் வருஷத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைதான். நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது, அப்படியிருந்தும் நாம் சண்டை போடுகிறோம். பெயெர்செபா மேட்டில் புதைபொருள் ஆராய்ச்சிக்காரர் தோண்டியெடுத்த பழைய கிணறு ஒன்று அறுபது மீட்டருக்கு மேல் ஆழமுள்ளது. அது ஆபிரகாமுடையது என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆழத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கையால் தோண்டினவர்கள் எத்தனை நாள் பாடுபட்டிருப்பார்கள்!

ஈசாக்கு கேராரின் பள்ளத்தாக்கிலே கூடாரம் போட்டபோது இரண்டு வேலை செய்கிறார். முதலாவது, தகப்பன் நாட்களில் வெட்டி, பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்ட கிணறுகளை மறுபடியும் தோண்டுகிறார்; தகப்பன் வைத்த பேர்களையே அவைகளுக்கு வைக்கிறார் (வச. 18). அதற்குப் பின்பு புதிதாகவும் தோண்டுகிறார். அந்தப் புதுக்கிணற்றில் ஊற்று வந்தவுடனே கேராரின் மேய்ப்பர் வந்து, தண்ணீர் தங்களுடையது என்கிறார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேர். வாக்குவாதம் என்று அர்த்தம். அடுத்த கிணற்றிலும் அதே வம்பு. அதற்குச் சித்னா என்று பேர். பகை, எதிர்த்துநிற்றல் என்று சொல்லலாம். சாத்தான் என்கிற பேருக்கும் சித்னாவுக்கும் எபிரெய பாஷையில் ஒரே வேர். இரண்டு பேர் ஒரு கிணற்றடியில் எதிரெதிரே நின்றால் நடுவில் மூன்றாவதாக யார் நிற்கிறான் என்று அந்தப் பேரே காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது கிணற்றுக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத், விசாலம்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டை நடந்த கிணறுகளின் பேர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆபிரகாம் வைத்த பேர்கள், ஈசாக்கு ஆசையோடு திரும்ப வைத்த அந்தப் பேர்கள் என்ன? 18ம் வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை. அங்கே தண்ணீர் குடித்து, மாடுகளுக்குக் காட்டி, பிள்ளைகளைக் குளிக்கவார்த்த நாட்களும் இருந்திருக்கும். அவைகளின் பேர் போய்விட்டது. வம்பின் பேர் நின்றுவிட்டது. நம்முடைய மனசும் அப்படித்தானே கணக்கு எழுதுகிறது?

இங்கே ஓர் எச்சரிப்பும் சொல்லவேண்டும். நல்ல நினைவு உள்ள இடமும் நம்மைக் கெடுக்கக்கூடும். தலைக்குக் கல்லை வைத்துப் படுத்த யாக்கோபுக்குப் பெத்தேல் தேவனுடைய வீடாயிற்று (ஆதி. 28). இருபது வருஷத்துக்கு மேல் கழித்துக் கர்த்தரே அவரை அங்கே திரும்பிப் போகச் சொன்னார் (ஆதி. 35). ஆனால் அதே பெத்தேலிலேதான் யெரொபெயாம் பொன் கன்றுக்குட்டியைக் கொண்டுபோய் வைத்தான் (1 இரா. 12). பாட்டன் பரலோகத்தைக் கண்ட இடத்திலே பேரன்மார் கன்றுக்குட்டியைக் கண்டார்கள். யோசுவாவின் காரியத்தையும் பாருங்கள். பிள்ளைகள் பார்த்துக் கேட்கும்படி பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நிறுத்தினார், இன்னும் பன்னிரண்டு கற்களை யோர்தானின் நடுவிலேயே நாட்டினார் (யோசு. 4:9). தண்ணீர் திரும்பி வந்து அவைகளை மூடிவிட்டது. போட்டோ எடுக்கமுடியாத ஞாபகக்கல்! பரிசுத்த தேசத்துக்குப் போய் வந்த சகோதரர்கள் யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அன்பாய்க் கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளுகிறேன். ஒரு பாட்டில் என் அலமாரியில் பாசி பிடித்துக் கிடக்கிறது.

எங்கள் கிணறு

எனக்கும் ஒரு சித்னா இருந்தது. இதை எழுதலாமா என்று வெகுநாள் யோசித்தேன். அண்ணன் பிள்ளைகளிடம் கேட்டேன். "எழுதுங்க சித்தப்பா" என்றார்கள்.

எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கம். அப்பா காலத்தில் கிணற்றில் கமலை கட்டி இறைத்தார்கள். மாடு பின்னுக்குப் போய் முன்னுக்கு வருகிற வாரியும், வடம் உரசி உரசிப் பள்ளம் விழுந்த கமலைக்கல்லும் நான் பார்த்தவை. பிறகு மோட்டார் வந்தது. அப்பா மரித்தபின் அண்ணனும் நானும் தோட்டத்தைப் பாகம் பண்ணிக்கொண்டோம். கிணறும் மோட்டாரும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, ஒருநாள் என் முறை.

1987 பங்குனி. நல்ல கோடை. இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் கிணற்றில் அடிப்பாறை தெரிந்துவிடும். என் வாழை குலைதள்ளுகிற பருவம். அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குத்தான் கரண்ட் வரும். மம்பட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன், வரப்பில் நடக்கும்போதே மோட்டார் சத்தம் கேட்கிறது. தண்ணீர் அண்ணன் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னண்ணே இது? இன்னைக்கு என் முறைல்லா?"

"நேத்து கரண்டே இல்லலே. என் முறை பாக்கி கெடக்கு."

நான் ஒன்றும் பேசாமல் பம்பு ரூமுக்குள் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். மோட்டார் நின்றது. அதற்குப்பின் வந்த வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். பாகம் பிரித்ததிலிருந்து ஆரம்பித்து, செத்துப்போன அப்பா வரைக்கும் இழுத்தோம். அண்ணன் பீஸ் கட்டைக்குக் கையை நீட்டினார். நான் மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து, கணையால் வீசினேன். வலது புருவத்துக்கு மேல் பட்டது. அண்ணன் கமலைக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மா அரிக்கேன் லைட்டோடு ஓடிவந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கல்லிலே ரத்தத்தைப் பார்த்தேன். வடம் அறுத்த பள்ளத்தில் அது ஓடி நின்றது.

அடுத்த வாரமே ஊரைவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனேன். உப்பளத்தில் கணக்கெழுதும் வேலை. 1990ல் கர்த்தர் என்னைச் சந்தித்தார். ஊழியத்துக்கும் வந்தேன். மன்னிப்பைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் பண்ணினேன். 1996ல் அம்மா இறந்தபோது குழிமேட்டில் அண்ணனும் நானும் எதிரெதிரே நின்றோம், ஆளுக்கு ஒரு கை மண் போட்டோம், பேசவில்லை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்குநேரி வந்தால் வேதபுத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்து சீட்டுக்காரர் பக்தி என்று நினைத்திருப்பார்.

இரண்டு கரிநெருப்பு

2008ல் ஓர் உபவாச ஜெபத்துக்காக யோவான் 21ம் அதிகாரத்தை ஆயத்தம்பண்ணிக்கொண்டிருந்தேன். புதிய ஏற்பாட்டிலே கரிநெருப்பு என்கிற அந்தக் கிரேக்க வார்த்தை இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டையும் எழுதினவர் யோவான்தான். ஒன்று 18:18, மற்றது 21:9. நம்முடைய தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தை.

முதல் நெருப்பு பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில். குளிர். வேலைக்காரரோடு வேலைக்காரனாக நின்று பேதுரு குளிர்காய்கிறார். அங்கேதான் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கடைசியாகக் கேட்டவன் யார் தெரியுமா? பேதுரு காதை வெட்டின அந்த மல்குசின் உறவின்முறையான். கரி நெருப்பில் குளிர்காய்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசனை துணியில் ஏறிவிடும். பேதுரு மனங்கசந்து அழுதபோது அவர் மேல்துணியிலும் அந்த வாசனை இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எழுதப்படவில்லை, நான் நினைக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது நெருப்பு திபேரியா கடற்கரையில். சீஷர்கள் கரையேறி வரும்போது கரிநெருப்பு ஆயத்தமாயிருக்கிறது. மூட்டியிருக்கிறவர் ஆண்டவர். அப்பமும் மீனும் கொடுக்க அவருக்கு எந்த நெருப்பும் வேண்டியதில்லை. வனாந்தரத்தில் ஐயாயிரம் பேருக்கு எந்த அடுப்பை மூட்டினார்? அப்படியானால் இந்தக் கரி யாருக்காக? பேதுருவை மறுபடியும் அந்த முற்றத்துக்கு அவர் அழைத்துப்போகவில்லை. ஆனால் முற்றத்தின் வாசனையைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். பேதுரு முதல்முதல் வலையைப் போட்டுவிட்டுப் பின்சென்றது அதே கடலோரத்தில்தானே. விழுந்த இடத்தின் புகையையும் அழைப்புப் பெற்ற இடத்தின் மணலையும் ஒன்றாக வைத்து, மூன்று தரம் கேட்டார். அதற்குப் பின்பு அப்போஸ்தலர் 4ம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில், அதே அன்னாவுக்கும் அதே காய்பாவுக்கும் முன்பாகப் பேதுரு நிமிர்ந்து நிற்கிறார். ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு நடுங்கின வாய் ஆலோசனைச் சங்கத்துக்கே பதில் சொல்லுகிறது.

இதை நான் எழுதி முடித்து, உற்சாகமாய் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் முழுவதையும் கேட்டாள். "பேதுரு போயிட்டாரு. நீங்க அந்தக் கிணத்துக்கு எப்ப போகப்போறீங்க?" என்றாள்.

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். உபவாசம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆனி மாதம் போனேன். எங்கள் பக்கத்தில் ஆனிக்காற்று ஆளைத் தள்ளும். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன், வேஷ்டி ஒருபக்கம், நான் ஒருபக்கம். வீட்டுத் திண்ணையில் வைத்தே பேசி முடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். மைனி என்னைக் கண்டதும் வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, "அவங்க கிணத்தடில இருக்காங்க" என்றார்கள். தண்ணீரைக் குடித்தேன். பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

தொழுவத்தைத் தாண்டியதும் கால் பின்னிற்று, உண்மையைச் சொல்லுகிறேன். ஞாபகத்தில் அது நீண்ட பாதை. நடந்தால் ஐம்பது அடிகூட இல்லை. கிணறும் நான் மனதில் வைத்திருந்ததைவிடச் சின்னதாயிருந்தது. பக்கத்தில் புதிதாகப் போர் போட்டிருந்தார்கள். ஆகவே கிணற்றை ஒருவரும் இறைப்பதில்லை. அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். பொந்துகளில் புறா. என் கண் முதலில் கமலைக்கல்லைத்தான் தேடிற்று. இருபத்தொரு வருஷமாக அந்தக் கல்லில் ரத்தம் எனக்குக் காயவே இல்லை. பார்த்தால், வெயில் காய்ந்த வெறுங்கல். பள்ளத்தில் காக்கை எச்சம்.

அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து அண்ணன் ஒரு ஓஸ் பைப்பின் பொத்தலுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. புருவத்துக்கு மேல் தழும்பு. என்னைப் பார்த்தார், திரும்பவும் பைப்பைப் பார்த்துக்கொண்டார். நான் வழிநெடுக ஆயத்தம்பண்ணின வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. வசனமும் வரவில்லை.

"அண்ணே, நான் அடிச்சது தப்பு" என்றேன்.

அவர் ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். பல்லால் கடித்து அறுத்தார். பிறகு கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு முந்தின நாளு கரண்டு இருந்துச்சுலே. நான் சொன்னது பொய்யி."

காற்றின் சத்தம்தான் கேட்டது. இருபத்தொரு வருஷமாய் நான் என் பாவத்தை மாத்திரம் அந்தக் கல்லில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தம்முடையதைத் தினந்தோறும் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கொஞ்சம் நேரம் கழித்து, கையில் இருந்த பைப்பாலேயே கிணற்றுப் படிக்கட்டைக் காட்டினார். "அந்த ஏழாவது படி தெரியுதா? அதுல நின்னுக்கிட்டுத்தான் அழுவ. சுரைக்குடுக்கையை முதுகுல கட்டிவிட்டாலும் குதிக்க மாட்ட. நான் கீழ தண்ணில நின்னு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, வாலே வாலேன்னு கத்திக்கிட்டுக் கெடப்பேன். அப்பா மேல நின்னு சிரிப்பா."

எனக்கு நீச்சல் தெரியும். யார் பழக்கிக்கொடுத்தார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அந்தக் கிணற்றில் எனக்கு அந்த ஒரே ஒரு ராத்திரிதான் இருந்தது. அதற்கு முன்பு இருந்த இருபது வருஷத்தையும் நானே மண்ணைப் போட்டுத் தூர்த்திருக்கிறேன், பெலிஸ்தர் ஒருவரும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஐந்தாவது படியிலே ஒன்றும் வரவில்லை. ஏழாவது படியில் நின்று தண்ணீரைக் குனிந்து பார்த்தபோது, ஈரச் சுரைக்குடுக்கையின் கசப்பு வாடையும், என் வயிற்றுக்குக் கீழே ஒரு கை தாங்கிப் பிடித்த அந்த அழுத்தமும் வந்தது. அண்ணனுடைய கைதான்.

மேலே நின்று அண்ணன் சத்தம்போட்டார்: "பாத்து இறங்குலே, பாசி வழுக்கும்."